எர்த் இல்லாமலும் ஓடும் மெஷின்

சவுக்கையும் சீமைக்கருவேலத்தையும் கோடாரி, ஆப்பு, சம்மட்டி கொண்டு பிளந்து தோள் தேய்ந்தவர்களுக்கு விறகு பிளக்கும் மெஷின் பெரிய விடுதலை. மோட்டார் பம்பைச் சுழற்றும். பம்பு எண்ணெயை உருளைக்குள் அழுத்தும். உருளையின் தண்டு கட்டையை ஆப்பின்மேல் தள்ளும். 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு சுமார் 28 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 200 கிலோ அழுத்தம் விழுந்தால் ஐந்தரை டன் விசை. கணு விழுந்த கட்டைகூட இதற்கு முன் நிற்காது.

ஆப்பைக் கண்டு எல்லோரும் கையை விலக்கிக்கொள்கிறார்கள். அலட்சியமெல்லாம் வயரிடம்தான். பேஸோ நியூட்ரலோ அறுந்தால் மோட்டார் நின்றுவிடும், உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவோம். எர்த் அறுந்தால் மெஷின் எப்போதும்போல் ஓடிக்கொண்டே இருக்கும். பிளக் உடைந்ததும் வயர் முனைகளைச் சாக்கெட்டில் செருகி, தீக்குச்சி வைத்து இறுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அப்போது முதலில் விட்டுப்போவது அந்தப் பச்சை வயர்தான். மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது.

கசிவு பெரும்பாலும் மோட்டாரின் சூட்டிலிருந்து பிறக்கிறது. 3 குதிரைத்திறன் சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது 15 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். கிளம்பும் கணத்தில் அதைப்போலப் பல மடங்கு. விறகு கிடக்கும் இடத்துக்கு எட்டவேண்டும் என்று 1 சதுர மில்லிமீட்டர் வயரை 30 மீட்டர் நீட்டினால், கிளம்பும்போது வயரிலேயே 50 வோல்ட் அளவுக்குத் தொலைந்துவிடும். 230 வோல்ட்டில் 180தான் மோட்டாருக்குப் போய்ச் சேரும். சுழற்றும் விசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்துவிடும். மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும், சூடேறும். சுருளின் வார்னிஷ் கருகும். ஒருநாள் சுருள் இரும்பு உடலைத் தொடும். மெஷினின் உடல் முழுக்க மின்சாரம்.

வயரைச் சுருள் பிரிக்காமல் வைத்து ஓட்டினாலும் சூடு வெளியேற வழியில்லாமல் உறை இளகும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, முழுதும் பிரித்த நிலையில், முடிந்தவரை குறைந்த நீளம். செலவு கூடும்தான். ஆனால் மோட்டாரை மறுபடி சுற்றுவதற்கு ஆகும் செலவோடு வைத்துப் பாருங்கள்.

‘ஃபியூஸ் இருக்கிறதே’ என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். ஃபியூஸும் எம்.சி.பி.யும் வயரைக் காப்பவை. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 0.1 ஆம்பியர் ஒரு பொருட்டே அல்ல; மனித இதயத்தின் துடிப்பைக் குலைக்க அதுவே போதும். ஆளைக் காப்பதற்கென்றே இருப்பது 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. பேஸ் வழியே போனதும் நியூட்ரல் வழியே திரும்பியதும் ஒத்துப்போகாவிட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும்.

இதற்கு எர்த் ஏன் வேண்டும்? எர்த் இருந்தால் கசிவு அதன் வழியாக மண்ணுக்கு ஓடும், யாரும் தொடுவதற்கு முன்பே கருவி விழுந்துவிடும். எர்த் இல்லையென்றால் ஒருவர் உடலில் பாய்ந்த பிறகுதான் அது விழும். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஆனால் எர்த் அறுந்திருந்தாலும் அந்தப் பட்டன் சரியாகவே வேலை செய்யும். எர்த்தை எலக்ட்ரீஷியன்தான் தனியாகச் சோதிக்கவேண்டும்.

மின்வெட்டு நேரத்தில் இன்னோர் ஆபத்து. சாதாரண சுவிட்சை ஆன் நிலையிலேயே விட்டுவிட்டு, சிக்கிய கட்டையை ஒருவர் பிடுங்கிக்கொண்டிருப்பார். மின்சாரம் திரும்பியதும் மோட்டார் தானாகக் கிளம்பும். மின்சாரம் போனதும் விழுந்து, மறுபடி கையால் அழுத்தினால் மட்டுமே கிளம்பும் ஸ்டார்ட்டர் கட்டாயம் வேண்டும். சிக்கலை எடுக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்ச் தவறுதலாக நியூட்ரலில் போடப்பட்டிருந்தால், அணைத்த பிறகும் மோட்டாரில் பேஸ் நிற்கும். கெபாசிட்டரிலும் கொஞ்ச நேரம் மின்னூட்டம் தங்கியிருக்கும். அதன் மூடியைத் திறக்கவேண்டாம்.

ஒருவர் ஷாக்கில் ஒட்டிக்கொண்டால் முதலில் மெயினை அணையுங்கள். ‘மரத்தில் மின்சாரம் பாயாது’ என்று நம்பி, பக்கத்தில் கிடக்கும் கட்டையை எடுத்துத் தள்ளாதீர்கள். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதிவரைகூடத் தண்ணீர் இருக்கலாம். அதன் வழியாக உங்கள் கைக்கும் மின்சாரம் வரும். இணைப்பை அணைத்த பிறகு, அவர் உணர்விழந்து மூச்சில்லாமல் கிடந்தால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்குங்கள். அதே நேரத்தில் இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும்.