'ஏ'யா? 'ஆன்'னா?

மாணவர்களே! போட்டித் தேர்வில் 'எக்ஸ்-ரே' என்ற ஆங்கிலச் சொல்லின் முன் இடம் விட்டிருக்கிறார்கள். அங்கே 'ஏ' வருமா, 'ஆன்' வருமா? எக்ஸ் மெய்யெழுத்தாயிற்றே என்று 'ஏ' எழுதினால் மதிப்பெண் போயிற்று! எழுத்தைப் பார்க்கக் கூடாது. ஒலியைக் கேட்க வேண்டும்.

ஆங்கிலச் சொல்லை உச்சரிக்கிறபடியே தமிழில் எழுதிப் பாருங்கள். உயிரெழுத்தில் தொடங்கினால் 'ஆன்', இல்லாவிட்டால் 'ஏ'. எக்ஸ்-ரேக்கு 'ஆன்', 'யூனிட்' என்பதற்கு 'ஏ'. ஆனால் உச்சரிப்பில் கவனம் தேவை! 'ஒன்' என்று நாம் எழுதும் சொல்லின் சரியான ஒலி 'வன்'. ஆகவே அதற்கும் 'ஏ'தான்.

ஓர் அணு, ஒரு மூலக்கூறு என்கிறோமே, அதே முறைதான்! 'ஆன்' பிறந்ததும் 'ஒன்று' எனப் பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்தே. மெய்யொலிக்கு முன் அதன் இறுதி ஒலி உதிர்ந்து 'ஏ' ஆயிற்று.

எங்கே, 'எம்.எல்.ஏ.'வுக்கு முன் எது வரும்? சொல்லுங்கள் பார்க்கலாம்!

(விடை: ஆன்)