வால்வு ஆபரேஷனுக்கு நாள் குறிச்சாச்சா? 'ஒண்ணும் ஆகாது'ன்னு கேட்டது போதும்... 'என்ன ஆகும்?'னு கேளுங்க!

ஆபரேஷன் தேதி ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் போன அடுத்த நிமிடத்திலிருந்து நீங்கள் ஒரே வசனத்தைத்தான் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். "ஒண்ணும் ஆகாதுப்பா, தைரியமா இரு!" பெரியப்பா போனில் சொல்வார். பக்கத்து வீட்டு அக்கா காபி டம்ளரோடு வந்து சொல்வார். ஆபீஸ் டீம் லீடர்கூட மெசேஜ் போட்டிருப்பார். எல்லோரும் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால், பயம் குறைந்ததா? வெளியே தலையாட்டிவிட்டு, ராத்திரி 2 மணிக்குப் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு 'ஓப்பன் ஹார்ட் சர்ஜரி வீடியோ' தேடிக்கொண்டிருப்பீர்கள்.

'ஒண்ணும் ஆகாது' என்பது பேச்சை அதோடு முடித்துவிடும் வார்த்தை. அதற்கு மேல் நீங்கள் எதுவும் கேட்க முடியாது. உங்கள் மனசுக்கு இப்போது வேண்டியது விவரம். எத்தனை மணிக்கு என்ன நடக்கும், கண் விழிக்கும்போது எப்படி இருக்கும், எங்கே வலிக்கும், எப்போது வீட்டுக்கு வரலாம்... இதெல்லாம் தெரியாத இடத்தைத்தான் கற்பனை வந்து நிரப்புகிறது. அதை நிஜத் தகவலால் நிரப்புவதுதான் முதல் வைத்தியம்.

இந்த வயசுல எனக்கு ஏன்?

'ஹார்ட் பிரச்னைன்னா 60 வயசுக்கு மேலதானே?' என்ற கேள்வி உங்களை அரித்துக்கொண்டிருக்கலாம். நம் நாட்டில் இளம் வயதில் வால்வு கெட்டுப்போவதற்கு முக்கியக் காரணம் ருமாட்டிக் காய்ச்சல். சின்ன வயதில் ஒருவகை பாக்டீரியாவால் வரும் தொண்டை வலி, சரியாகக் குணமாகாமல்போனால், உடலின் எதிர்ப்பு சக்தியே இதய வால்வுகளைத் தாக்கிவிடும். பாதிப்பு வெளியே தெரிய பல வருடங்கள் ஆகலாம். அதிகம் அடிபடுவது மிட்ரல் வால்வு. பிறவியிலேயே வால்வு அமைப்பு மாறியிருந்தாலும் இளம் வயதில் ஆபரேஷன் தேவைப்படலாம். ஆக, 'நேரத்துக்குச் சாப்பிடலை', 'ரொம்ப டென்ஷன் ஆனேன்' என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளத் தேவையில்லை.

இந்த ஆபரேஷன் நேற்று வந்ததும் இல்லை. செயற்கை வால்வைப் பொருத்தும் சிகிச்சை 1960-லிருந்து வெற்றிகரமாக நடந்துவருகிறது. திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் உருவாக்கிய 'சித்ரா வால்வு', 1990-ல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

உள்ளே என்ன நடக்கும்?

நெஞ்சைத் திறந்து செய்யும் ஆபரேஷன் என்றால், பொதுவாக 3 முதல் 5 மணி நேரம் ஆகலாம். மயக்கம் கொடுப்பது, குழாய்கள் பொருத்துவது எல்லாம் சேர்த்தால் வெளியே காத்திருப்பவர்களுக்கு இன்னும் நீளமாகத் தெரியும். இதை வீட்டில் முன்பே சொல்லிவையுங்கள். இல்லையென்றால், நேரம் தாண்டினாலே அம்மா அழ ஆரம்பித்துவிடுவார்.

'ஹார்ட்டை நிறுத்திடுவாங்களாமே' என்பதுதான் பலரையும் உலுக்கும் விஷயம். ஆமாம், நிறுத்துவார்கள். அந்த நேரத்தில் ரத்தத்தைச் சுத்திகரித்து உடல் முழுக்க அனுப்பும் வேலையை ஹார்ட்-லங் மெஷின் பார்த்துக்கொள்ளும். அதற்கென்றே பயிற்சி பெற்ற ஒருவர் அந்த மெஷினை விட்டு நகராமல் உட்கார்ந்திருப்பார். வால்வைச் சரிசெய்த பிறகு இதயத்தை மறுபடி துடிக்கவைப்பார்கள். உங்களுக்கு எதுவும் தெரியாது, முழு மயக்கத்தில் இருப்பீர்கள்.

கண் விழிக்கும்போது...

முன்பே தெரிந்துகொள்ளாவிட்டால் ரொம்பப் பயமுறுத்தும் இடம் ஐ.சி.யூ-தான். விழிக்கும்போது தொண்டையில் வென்டிலேட்டர் குழாய் இருக்கலாம். அது இருக்கும்வரை பேச்சு வராது. குரல் போய்விட்டதாக நினைத்துவிடாதீர்கள். நீங்களாக நன்றாக மூச்சுவிட ஆரம்பித்ததும் எடுத்துவிடுவார்கள். பலருக்குச் சில மணி நேரத்திலேயே எடுத்துவிடுவது உண்டு. தெரியாமல் குழாயைப் பிடித்து இழுத்துவிடக் கூடாது என்பதற்காகக் கையை லேசாகக் கட்டியிருக்கலாம். நெஞ்சில் ரத்தக்கசிவு வெளியேற ஒன்றிரண்டு குழாய்கள், கழுத்தில் ஒரு லைன், சிறுநீர்க் குழாய், சுற்றிலும் 'பீப் பீப்' சத்தம். மானிட்டர் சத்தம் போட்டாலே ஆபத்து என்று அர்த்தமில்லை. விரலில் மாட்டிய கிளிப் நகர்ந்தாலும் அது கத்தும்.

சைகைகளை முன்னாடியே நர்ஸிடம் பேசிவைத்துக்கொள்ளுங்கள். வலித்தால் ஒரு விரல், தாகம் என்றால் ரெண்டு விரல். சின்ன விஷயம்தான், ஆனால் பேச முடியாத அந்த நேரத்தில் பெரிய பிடிமானம்.

பொதுவாக ஐ.சி.யூ-வில் ஒன்றிலிருந்து மூன்று நாள், மருத்துவமனையில் மொத்தம் சுமார் ஒரு வாரம். நெஞ்சு எலும்பு நன்றாகச் சேர 6 முதல் 12 வாரங்கள் ஆகலாம்.

கேள்விகளை போன் நோட்ஸில் எழுதுங்க

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோகும். அதனால், தோன்றும்போதெல்லாம் டைப் பண்ணிவையுங்கள்.

* என் வால்வை ரிப்பேர் செய்ய முடியுமா, மாற்றித்தான் ஆக வேண்டுமா?

* மாற்றுவதென்றால் உலோக வால்வா, திசு வால்வா? உலோக வால்வு நீண்டகாலம் உழைக்கும். ஆனால், ரத்தம் உறையாமல் இருக்க வாழ்நாள் முழுக்க மாத்திரையும், ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனையும் தேவை. திசு வால்வுக்கு அந்த மாத்திரை பெரும்பாலும் நீண்டகாலம் வேண்டியிருக்காது. ஆனால், இளம் வயதினருக்கு அது சீக்கிரம் தேய்ந்து, மறுபடி ஆபரேஷன் வரலாம். திசு வால்வுகள் மாடு அல்லது பன்றியின் திசுவிலிருந்து செய்யப்படுபவை. அதில் தயக்கம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

* பெண்களுக்கு ரொம்ப முக்கியமான கேள்வி: 'நான் பிறகு குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிறேன். எந்த வால்வு சரியாக இருக்கும்?' வார்ஃபாரின் மாத்திரை கருவைப் பாதிக்கக்கூடியது. கூச்சப்பட்டோ, மாமியார் பக்கத்தில் இருக்கிறார் என்றோ இதைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். தனியாகப் பேச நேரம் கேளுங்கள்.

* 'எனக்கு எவ்வளவு ரிஸ்க் இருக்கு டாக்டர்?' இந்தக் கேள்வியைத்தான் வீட்டில் யாரும் கேட்கவிட மாட்டார்கள். வயது, கிட்னியின் நிலை, இதயம் பம்ப் செய்யும் திறன் போன்றவற்றை வைத்து மருத்துவர்கள் இதைக் கணித்து வைத்திருப்பார்கள். ரிஸ்க் பூஜ்யம் என்று எந்த நல்ல டாக்டரும் சொல்ல மாட்டார். ஆனால், உங்களுக்கான எண் பெரும்பாலும் ராத்திரி 2 மணிக்கு மனசு சொல்லும் எண்ணைவிடச் சிறியதாகவே இருக்கும். ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் என்ன ரிஸ்க் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

பயமா, வால்வா?

இங்கேதான் ரொம்ப உஷாராக இருக்க வேண்டும். படபடப்பு, மூச்சு வாங்குதல், தூக்கமின்மை... இவை பயத்திலும் வரும், வால்வு பிரச்னையிலும் வரும். 'டென்ஷன்லதான் இப்படி இருக்கு' என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருந்தால், நெஞ்சு வலித்தால், மயக்கம் வந்தால், காலில் வீக்கம் கூடினால், காய்ச்சல் அடித்தால், உடனே மருத்துவமனைக்கு போன் செய்யுங்கள். நிலைமை மோசமாக இருந்தால் 108. அப்பாயின்ட்மென்ட் தேதி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மிச்சமிருக்கும் நாள்களில்...

பல்லில் சொத்தை, ஈறில் சீழ் இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே சரிசெய்யச் சொல்வார்கள். வாயில் இருக்கும் கிருமி ரத்தம் வழியாகப் புது வால்வில் போய் ஒட்டிக்கொள்ளக்கூடும். சிகரெட் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் கொடுங்கள். நாட்டு மருந்து, சித்த மருந்து, தூக்க மாத்திரை எதையும் மறைக்காதீர்கள். எதை, எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர் மட்டுமே சொல்ல வேண்டும்.

மூன்று பந்து உள்ள ஊதுகுழல் மாதிரி ஒரு கருவியைக் கொடுப்பார்கள். அதை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். இப்போதே பழகிவிட்டால், ஆபரேஷன் முடிந்து நெஞ்சு வலிக்கும்போது கைகொடுக்கும்.

மனசு ஓடும்போது மூக்கு வழியாக 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். மூச்சை அடக்கிப் பிடிக்கும் பயிற்சிகளை டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். பிடித்த பாட்டுகளை ஒரு பிளேலிஸ்ட்டாகச் சேர்த்துவையுங்கள். இளையராஜாவோ, அனிருத்தோ, உங்கள் இஷ்டம். ஆபரேஷனுக்கு முன் இசை கேட்பது பதற்றத்தைக் குறைக்க உதவலாம் என்று, 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அறிக்கை 2013-லேயே சொல்லியிருக்கிறது. ஆபரேஷன் வீடியோக்களுக்கு மட்டும் ராத்திரி 9 மணியோடு தடை.

போன் லாக், பேங்க் விவரம், இன்ஷூரன்ஸ் பேப்பர் எல்லாவற்றையும் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவையுங்கள். இது அபசகுனம் இல்லை. எப்படியும் சில நாள் போன் உங்கள் கையில் இருக்காது. செலவு கவலை இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வால்வு ஆபரேஷனுக்கு இடம் இருக்கிறது. உங்கள் மருத்துவமனை அதில் இருக்கிறதா என்று அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டு கவுன்ட்டரில் விசாரித்துவிடுங்கள்.

அப்படியும் பயம் அடங்கவில்லையா? சாப்பாடு இறங்கவில்லை, ஆபரேஷனே வேண்டாம் என்று ஓடிப்போகத் தோன்றுகிறதா? மயக்க மருந்து டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். அதற்கும் அவரிடம் மருந்து இருக்கிறது. நள்ளிரவில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால், டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ அழைக்கலாம். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு...

நீங்கள் நோயாளியின் தம்பியோ, தோழியோ, கணவரோ என்றால், அடுத்த முறை 'ஒண்ணும் ஆகாது' என்று வாய் வரை வரும்போது, 'உனக்கு எதை நினைச்சா ரொம்ப பயமா இருக்கு?' என்று கேட்டுப்பாருங்கள். பிறகு பேசாமல் கேளுங்கள். அழுதால் அழட்டும். ஆபரேஷனுக்குப் பிறகும் சில வாரங்களுக்குக் காரணமில்லாமல் அழுகையும் எரிச்சலும் வருவது பலருக்கும் நடக்கும். அப்போதும் கூடவே இருங்கள். அது நீண்டுகொண்டே போனால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சரி, இப்போது இந்தப் பக்கத்தை மூடிவிட்டு நோட்ஸைத் திறங்கள். உங்கள் மனசில் முதலில் வரும் கேள்வி எதுவோ, அதை அப்படியே டைப் பண்ணுங்கள். நாளைக்கு டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது அதைப் பார்த்துக் கேட்டால் போதும்.