உங்களுக்குத் தெரியுமா? தேரை அசைக்கும் தடி
சங்கரன்கோவிலில் ஆடித்தபசு உற்சவத்தின்போது கோமதி அம்மன் தேர் நிலையிலிருந்து புறப்படுகையில், வடம் பிடிக்கும் ஜனத்திரளைக் கண்டே பரவசமடையும் நாம், பின்சக்கரத்தினடியில் நீண்ட மரத்தடியின் நுனியைச் செருகி, அதனையொட்டி ஒரு கட்டையை அண்டைகொடுத்து, மறுமுனையைப் பலர் கூடி அழுத்துகிற யுக்தியை அநேகமாகக் கவனிப்பதில்லை. (புழுதியும் வியர்வையும்தான் அவர்களுக்குக் கிடைக்கும் பிரசாதம்!) அண்டைக்கட்டையிலிருந்து சக்கரம் 1 அடியும் அழுத்தும் கைகள் 10 அடியும் விலகியிருக்குமாயின், அவர்களுடைய பலம் ஏறத்தாழ 10 மடங்காகப் பெருகிச் சக்கரத்தை உந்தும், அதற்குப் பிரதியாக, கைகள் 10 அங்குலம் இறங்கினாலும் சக்கரத்தடியிலுள்ள நுனி 1 அங்குலமே எழும். கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் கணிதரீதியாக நிரூபித்த நெம்புகோல் விதி இதுதான். ஓடும் தேரைத் திருப்பவும் நிறுத்தவும் சக்கரத்தின் முன்னே இடுகின்ற சறுக்குக்கட்டையோ நெம்புகோலன்று. அது ஆப்பின் இனம்.