பார்கோடைச் சுருக்கிய விரிதாள்

மாணவர்களே, உங்கள் பையில் இருக்கும் நோட்டுப் புத்தகத்தைத் திருப்பிப் பின் அட்டையைப் பாருங்கள். கறுப்புக் கோடுகளுக்குக் கீழே 13 இலக்கங்கள் இருக்கும். பெரும்பாலும் 955 என்று தொடங்கும். அது மலேசியாவில் பதிவு பெற்ற எண் தொகுதி. பொருள் இங்கேதான் தயாரானது என்று அதற்குப் பொருளில்லை. சிங்கப்பூருக்கு 888.

கடையில் ஸ்கேனர் அந்தக் கோடுகளை வாசித்ததும் விலை திரையில் வருகிறது. ஆனால் கோடுகளுக்குள் விலை இல்லை. விலை கடைக் கணினியின் பட்டியலில் இருக்கிறது. கோடுகள் சொல்வது ‘நான் இன்ன பொருள்’ என்பதை மட்டும்தான்.

நான் பொறுப்பாசிரியையாக இருக்கும் பள்ளிக் கூட்டுறவுக் கடையில் ஏறக்குறைய 400 பொருள்கள் உள்ளன. விற்பனை மென்பொருளில் ஒரு பொருளின் விலையை மாற்ற அதன் பக்கத்தைத் திறந்து, புதிய விலையைத் தட்டி, சேமித்து மூட வேண்டும். நாற்பது பொருள்களுக்கு இப்படிச் செய்யப் பொறுமை வேண்டும். ஆகவே பல மென்பொருள்கள் ஒரு குறுக்கு வழி தருகின்றன. பட்டியலைச் சிஎஸ்வி கோப்பாக வெளியே எடுத்து, எக்செல் போன்ற விரிதாளில் விலைகளை மாற்றி, மறுபடியும் உள்ளே ஏற்றலாம். சிஎஸ்வி என்பது வெறும் எழுத்துக்கோப்பு. ஒரு வரிக்கு ஒரு பொருள், விவரங்களுக்கு நடுவே காற்புள்ளி, அவ்வளவுதான்.

மறுபடி ஏற்றும்போது எங்கள் மென்பொருள் ஒவ்வொரு வரியின் பார்கோடையும் எடுத்து, தன் பட்டியலில் அதே பார்கோடு இருக்கிறதா என்று தேடும். இருந்தால் விலையை மாற்றும். இல்லாவிட்டால் ‘இது புதுப் பொருள் போலும்’ என்று புதிதாக ஒன்றைச் சேர்த்துவிடும். குறை சொல்லாது.

சென்ற ஆண்டு ஓர் எழுதுபொருள் நிறுவனத்தின் 38 பொருள்களுக்குத் தலா 20 சென் விலை ஏறியது. அந்த 38 வரிகளை மட்டும் வெளியே எடுத்து, நானே மாற்றிச் சேமித்தேன். மறுநாள் காலை கோப்பைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏற்றினேன். ‘வெற்றி’ என்று திரையில் வந்தது. ஒன்பது பள்ளி நாள்கள் கழித்து, பொருளாளரான நான்காம் படிவ மாணவி ரசீதுகளோடு வந்து, “டீச்சர், விலை ஏறவே இல்லையே?” என்று கேட்டாள். அதற்குள் 317 பொருள்கள் பழைய விலைக்கே போய்விட்டன. 63 ரிங்கிட் 40 சென். சிறிய தொகைதான். ஆனால் அது பங்கு வாங்கிய மாணவர்களின் பணம். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று காரணம் சொன்னேன்.

காரணம் இதுதான். உதாரணமாக 9551234567896 என்ற பார்கோடை எடுத்துக்கொள்வோம். விரிதாளுக்கு அது பார்கோடு என்று தெரியாது. இலக்கங்களைக் கண்டால் எண் என்றே நினைக்கும். 11 இலக்கத்துக்கு மேல் போனால், பொதுவான அமைப்பில் உள்ள கட்டம் அதைச் சுருக்கிக் காட்டும். மூன்றாம் படிவக் கணிதத்தில் வரும் ‘பெந்துக் பியாவாய்’ நினைவிருக்கிறதா? அதேதான்: 9.55123 × 10¹².

இதுவரை எதுவும் தொலையவில்லை. கட்டத்துக்குள் 13 இலக்கமும் பத்திரமாக இருக்கின்றன. கண்ணுக்குத் தெரிவதுதான் சுருங்கியிருக்கிறது. சிஎஸ்வியாகச் சேமிக்கும் போதுதான் வினை வருகிறது. விரிதாள் உள்ளே இருப்பதை அல்ல, திரையில் தெரிவதையே கோப்பில் எழுதும். மறுநாள் திறந்தால் கிடைப்பது 9551230000000. ஒரே நிறுவனத்தின் பார்கோடுகள் ஒரே மாதிரி தொடங்குவதால், 38 பொருள்களுக்கும் இதே எண் ஆகிவிட்டது. எங்கள் பட்டியலில் உண்மையான 38 பொருள்களும் பழைய விலையோடு அப்படியே இருந்தன. கூடவே, யாரும் வாங்க முடியாத ஒரு பேய்ப் பொருள் சேர்ந்திருந்தது.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பிழையைப் பிடிக்கும் கருவி பார்கோடுக்குள்ளேயே இருக்கிறது. 13ஆம் இலக்கம் சோதனை இலக்கம். முதல் 12 இலக்கங்களில் ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டுங்கள்: 9+5+2+4+6+8 = 34. இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டி மூன்றால் பெருக்குங்கள்: (5+1+3+5+7+9) × 3 = 90. மொத்தம் 124. அடுத்த பத்தின் மடங்கான 130ஐ எட்ட 6 வேண்டும். கடைசி இலக்கமும் 6. சுருங்கிய 9551230000000க்கு இதே கணக்கைப் போட்டால் மொத்தம் 43 வரும். கடைசியில் 7 இருந்திருக்க வேண்டும், இருப்பதோ 0. நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை, மென்பொருளும் பார்க்கவில்லை.

கடைக்காரர்கள் மட்டும் மாட்டிக்கொள்வதில்லை. மனித மரபணுக்களில் சிலவற்றுக்கு ‘மார்ச்1’, ‘செப்ட்2’ என்பன போன்ற பெயர்கள் இருந்தன. விரிதாள் அவற்றைத் தேதிகளாக மாற்றிவிடும். மரபணுப் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருந்ததாக 2016இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் பெயர்சூட்டும் குழு மரபணுக்களின் பெயர்களையே மாற்றியது. 2020இல் வெளியான அதன் வழிகாட்டி இதைச் சொல்கிறது. ‘மார்ச்1’ இப்போது ‘மார்ச்எஃப்1’.

நாம் பார்கோடுகளை மாற்ற முடியாது. ஆகவே பழக்கத்தை மாற்றினோம். சிஎஸ்வி கோப்பை இருமுறை சொடுக்கித் திறப்பதில்லை. விரிதாளின் தரவுப் பட்டி வழியாக இறக்குமதி செய்து, பார்கோடு வரிசையை ‘எழுத்து’ என்று முதலிலேயே அறிவிக்கிறோம். கூட்டவோ கழிக்கவோ பயன்படாத எதையும் (தொலைபேசி எண், அடையாள அட்டை எண், 0042 போன்ற கடைக் குறியீடு) எழுத்தாக வைப்பதே சரி. இல்லாவிட்டால் 0042 வெறும் 42 ஆகிவிடும். சேமித்த கோப்பை நோட்பேடில் திறந்து பார்க்கிறோம், அது எதையும் மாற்றாமல் உள்ளதைக் காட்டும். பழைய விலைக்கும் புதிய விலைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தனி வரிசையில் போடுகிறோம். 50 சென் பேனாவுக்கு 5 ரிங்கிட் என்று தட்டியிருந்தால் அங்கே துருத்திக்கொண்டு நிற்கும். பிறகு ஒரே ஒரு பொருளை மட்டும் ஏற்றி, கல்லாவில் ஸ்கேன் செய்து பார்க்கிறோம்.

ஸ்கேன் செய்வது இப்போதெல்லாம் அந்தப் பொருளாளரின் வேலை. அவள் சரி என்று தலையாட்டிய பிறகுதான் மீதியை ஏற்றுகிறேன்.