பாம்பன் பாலமும் வழிச்செல்வோர் முறையீடும்

புகைவண்டி குறித்த காலத்திற் புறப்படாமை, புறப்பட்டது இடைவழியில் நின்றுவிடுதல், நின்றது மீண்டும் எப்பொழுது நகருமென எவரும் உரையாமை ஆகிய மூன்றும் வழிச்செல்வோரைச் சினங்கொள்ளச் செய்வன. (புகையின்றி மின்னாற்றலால் வண்டிகள் ஓடும் இந்நாளிலும் அப்பழம் பெயரையே ஈண்டு வழங்குகின்றோம்; அன்பர்கள் பொறுத்தருள்க.) இம்மூன்றனுள் இறுதியிற் கூறியதே மிகக் கொடியது என்பது எம் கருத்து. அதனை, தமிழகத்தின் தென்கீழ்க்கோடியில் கடல்மீது செல்லும் இருப்புப்பாதை ஒன்றன் வரலாறுகொண்டு விளக்கப் புகுகின்றோம்.

மண்டபத்திற்கும் இராமேசுவரத் தீவிற்கும் இடையே கிடக்கும் கடற்காலைக் கடந்து செல்லுமாறு அமைந்த பழைய பாம்பன் பாலம் 1914-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24-ஆம் நாள் திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர். கடலினின்று எழுந்த 145 தூண்கள் அதனைத் தாங்கின. கப்பல் வருங்கால் வழிவிடுதற்பொருட்டு அதன் நடுவே இரு சிறகுகள் போன்ற பகுதி ஒன்றிருந்தது. ஷெர்ஸர் என்னும் அமெரிக்கப் பொறியாளர் வகுத்த முறையில் அமைந்த அச்சிறகுகளைப் பணியாளர் பலர் கூடிக் கையாற் சுழற்றியே திறப்பதும் மூடுவதும் வழக்கமாக இருந்தது. சென்னையில் வண்டியேறினோர் இப்பாலத்தைக் கடந்து தனுஷ்கோடி சேர்ந்து, ஆங்குக் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, மீண்டும் வண்டியேறிக் கொழும்பு செல்வர். ‘போட் மெயில்’ என அவ்வண்டிக்குப் பெயர் வந்தது இக்காரணம் பற்றியே.

இனி, இப்பாலத்தில் வண்டி தாமதித்தற்குரிய காரணங்களுள் தலையாயது காற்று. வண்டியின் பக்கம் நெடியதொரு சுவரை ஒக்கும். பாலத்திலோ இருபுறமும் மறைப்பில்லை, மரமில்லை, கரையுமில்லை. குறுக்கே வீசுங்காற்று அச்சுவர் முழுவதையும் ஒருங்கே தள்ளும். ஆதலின் மணிக்கு 58 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவோடு காற்று வீசுங்கால் பழைய பாலத்தில் வண்டி விடலாகாது என்பது விதி. காற்றின் விரைவை அளக்குங் கருவி ஒன்று பாலத்தில் நிறுவப்பட்டு, அவ்வெல்லை கடந்தவுடன் கைகாட்டி சிவப்பாகுமாறும் அமைக்கப்பட்டிருந்தது. ஆனால் மண்டபத்தில் வண்டியினுள் இருப்பார்க்கு இவை யாதுந் தெரியா. வானம் வெளிறிக் கிடக்கின்றது, மழையில்லை, எஞ்சினிற் பழுதில்லை, எதிரே பாலம் கண்ணுக்குத் தெரிகின்றது, வண்டியோ நகரவில்லை. காசியினின்று கங்கைநீர் சுமந்து வந்த முதியோர் ஒருவர்க்குக் கடலின் நடுவே வீசுங்காற்றின் விரைவு எங்ஙனம் புலனாகும்? அவர் சினத்தைக் குறை கூறுதல் தகாது.

கைகாட்டியைப் பற்றியும் ஈண்டுச் சிறிது கூறல் வேண்டும். எம் தோழர் சிலருடன் விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால், எம் வண்டி ஒரு வயல்வெளியின் நடுவே ஒரு மணி நேரத்திற்கு மேலாக நின்றது. கைகாட்டி பழுதாயிற்றெனப் பின்னர் அறிந்தோம். “பழுதானது கைகாட்டி தானே, வண்டி அன்றே, ஓட்டினால் என்ன?” என்றார் அருகிருந்த ஒருவர். உடனிருந்தோர் பலரும் அவர் கூற்றைச் சரியெனவே கொண்டனர். உண்மை அதற்கு மாறானது. இரு தண்டவாளங்களினும் சிறிய மின்னோட்டம் ஒன்றைச் செலுத்திவைப்பர். வண்டி அப்பகுதியிற் புகுந்தவுடன் சக்கரங்களும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்து விடுதலால், மின்னோட்டம் குறுக்கு வழியே போய்விட, முடிவிலுள்ள கருவி அதனைப் பெறாது விழும். விழவே கைகாட்டி சிவப்பாகும். 1872-இல் வில்லியம் ராபின்சன் என்னும் அமெரிக்கர் கண்ட முறை இது. இதன் நுட்பம் யாதெனில், தண்டவாளம் முறியினும், கம்பி அறினும், மின்கலம் தீரினும் அதே சிவப்பே தோன்றும் என்பது. அஃதாவது, கருவி தான் அறியாததனை ‘இடர்’ என்றே கொள்ளும். எனவே சிவப்பு என்பது முன்னே வண்டி உண்டு என்பது மட்டும் அன்று. முன்னே என்ன உளதென்று தெரியவில்லை என்பதும் ஆம். தெரியாதவிடத்து ஆயிரம் பேரை ஏற்றிக்கொண்டு விரைந்து செல்வார் யார்? ஒற்றைப்பாதை ஆயின் தொல்லை இன்னும் பெருகும். ஒரு வண்டி தாழ்ப்பின், அதற்கு வழிவிட வேண்டி எதிர் வருவதும் அடுத்த நிலையத்திற் காத்துக் கிடக்கும். இராமேசுவரத்துப் பாதை அத்தகையது.

நிற்க. நில்லாது சென்றதனால் விளைந்தது ஒன்றும் இப்பாதையில் உண்டு. 1964-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் நள்ளிரவையொட்டிப் பாம்பனினின்று 653-ஆம் எண் வண்டி தனுஷ்கோடி நோக்கிப் புறப்பட்டது. பெரும்புயல் அடித்துக்கொண்டிருந்தது. ஊரை அணுகுங்கால் கைகாட்டி புயலாற் பழுதுற்றிருந்ததென்றும், ஓட்டுநர் சிறிது நேரம் நிறுத்திப் பார்த்துப் பின்னர் ஊதலை ஒலித்து வண்டியை மெல்லச் செலுத்தினாரென்றும் கூறுவர். கடலலை எழுந்து வண்டி முழுவதையும் விழுங்கிற்று. நூற்றுவர்க்கு மேற்பட்டோர் மாண்டனர்; நிகழ்ந்ததனைக் கண்டு பிழைத்து வந்து கூறுவார் அவ்வண்டியில் ஒருவரும் இலர். ஆதலின் அவ்வோட்டுநரைப் பழித்தற்கு யாம் துணியோம். அவ்விருளில், அம்மழையில், பின்னே நின்றிருப்பினும் அலை வந்திராதென யார் சொல்ல வல்லார்? தனுஷ்கோடி ஊரும் அதன் நிலையமும் அவ்விரவே அழிந்தன.

பாலத்தின் இரும்பு விட்டங்களிற் பெரும்பாலானவற்றையும் அப்புயல் கடலில் வீழ்த்தியது. கப்பலுக்குத் திறக்கும் சிறகுப்பகுதி மட்டும் நிலைத்து நின்றது வியப்பே. இளம்பொறியாளராயிருந்த இ. ஸ்ரீதரன் என்பார் பழுதுபார்க்கும் பணியை ஏற்று, கடலடியிற் கிடந்த விட்டங்களை மீனவர் துணையால் தேடியெடுத்து, 46 நாளில் பாலத்தைச் சீர்செய்தார். திங்கள் பல ஆகுமென மதிக்கப்பட்ட வேலை அது.

உப்புக்காற்று இரும்பை உண்ணுதலை நிறுத்துவார் யாருமிலர். 2022 டிசம்பரில், சிறகுப்பகுதி மிகத் துருவேறி நலிந்தமை கண்டு பாலத்தின்மேல் வண்டிச் செலவை அடியோடு நிறுத்தினர். அருகே எழுந்துகொண்டிருந்த புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் நாளன்றே திறக்கப்பட்டது. இடைப்பட்ட இரண்டாண்டும் மூன்று திங்களும் வண்டிகள் இராமநாதபுரத்தோடும் மண்டபத்தோடும் நின்றுவிட்டன. 1988-இல் திறக்கப்பட்ட சாலைப்பாலம் இருந்தமையால் தீவு துண்டுபடவில்லை என்பது உண்மையே. எனினும் மூட்டையும் முடிச்சுமாக இறங்கிப் பேருந்து தேடுதலும், இராமநாதபுரத்தில் இறங்கினோர் ஐம்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியை மீண்டும் ஒருமுறை பயணஞ் செய்தலும், நோயாளரும் குழவியேந்திய மகளிரும் நன்கறிந்த துன்பங்கள்.

நலிந்த பாலத்தில் வண்டியை விடாமை குற்றமன்று, விட்டிருந்தால் குற்றம். ஆனால் 1914-இல் எழுந்த பாலம் நூறாண்டு கடந்து நலியுமென்பது எதிர்பாராத செய்தியும் அன்று. புதிய பாலத்திற்கு அடிக்கல் நாட்டியது 2019-இல். அதனைச் சில ஆண்டுகள் முன்னரே தொடங்கியிருப்பின், பழையது ஓயுமுன் புதியது அணியமாயிருக்கும். வழிச்செல்வோர் முறையீட்டில் யாம் முழுதும் உடன்படுவது இவ்விடத்தே. காற்றினால் வருந் தாமதத்தை மனிதர் தடுத்தற்கில்லை. காலங்கடந்து தொடங்கியதனால் வந்த தாமதம் அத்தகையதன்று.

புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி முழுவதும் கிடைநிலை மாறாமலே 17 மீட்டர் உயரம் மின்னாற்றலால் மேலெழும். கையாற் சுழற்றும் வேலை ஒழிந்தது. ஆயினும் கடலும் காற்றும் முன்போலவே உள்ளன. ஆதலின் ஆடிக்காற்றிலும் கார்த்திகைப் புயலிலும் மண்டபத்தில் வண்டி இனியும் நின்று காத்திருக்க நேரும். அப்பொழுது, “காற்று மிகுதி, தணிந்தவுடன் புறப்படும்” என்னும் ஒரு தொடரைத் தமிழிலும், வடக்கிருந்து வரும் யாத்திரிகர்பொருட்டு இந்தியிலும் வங்கமொழியிலும், கால்மணிக்கு ஒருமுறை ஒலிபெருக்கியிற் கூறுதற்குப் பொருட்செலவு யாதுமில்லை. காற்றளக்குங் கருவி காட்டும் எண்ணையே நடைமேடையில் யாவரும் காணும் பலகை ஒன்றில் ஒளிரச் செய்யின் இன்னும் நன்று. எண் குறைவதைக் கண்டிருப்போர் வண்டி புறப்படும் வேளையைத் தாமே அறிந்துகொள்வர்.