தோர்ணக்கற் பேராயர் அசரியா

கல்முனையிலிருந்து பொத்துவிலை நோக்கிச் செல்லும் கரைவழியிலே, திருக்கோவிலைக் கடந்தபின் வருவது கோமாரி. கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் ஆண்டுதோறும் கடந்துபோகும் ஊர். இக்கரையில் வாழ்வோர்க்குப் பள்ளிவாசலின் குவிமாடமும் கோயிலின் கற்றூணும் அன்றாடக் காட்சிகள். அவ்விரண்டின் அமைப்பும் ஒரே கட்டடத்தில், அதுவும் ஒரு கிறிஸ்தவ தேவாலயத்தில், அமைந்திருக்கக் காண வேண்டுமாயின் தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல்லுக்குச் செல்லலாம். 1939ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் பிரதிட்டை செய்யப்பட்ட அவ்வாலயத்தை எழுப்பியவர் ஒரு தமிழர். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர், வேதநாயகம் சாமுவேல் அசரியா.

திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில், ஒரு கிராமப் போதகரின் மகனாக 1874இல் பிறந்தார். சென்னையிற் கற்று, வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தில் ஊழியரானார். அவரது வாழ்வின் திருப்பம் நம் நாட்டிலேதான் நிகழ்ந்தது என்பதை நம்மிற் பலர் அறியார். 1902இல் யாழ்ப்பாணம் வந்தவர், இங்குள்ள கிறிஸ்தவர்கள் தம் சொந்தப் பணத்தைச் சேர்த்துக் கடல் கடந்து ஊழியர்களை அனுப்பி வந்ததைக் கண்டார். திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களோ தொகையில் மிக்கவர்கள். ஆயினும் அதுவரை அவ்வாறு செய்ததில்லை. அந்த நாணம் அவரை உறங்க விடவில்லை போலும்! மறு ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. இந்தியர் பணம், இந்தியர் உழைப்பு, இந்தியர் நிருவாகம். 1909இல் அவரே குருப்பட்டம் பெற்றுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியராகச் சென்றார், தெலுங்கு கற்றார்.

1910இல் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடிற்று. வெள்ளையர் நிறைந்த அச்சபையிலே முப்பத்தைந்து வயதுத் தமிழர் எழுந்து, ஐரோப்பிய ஊழியர்கள் இந்தியருக்காக எவ்வளவோ தியாகம் செய்திருப்பினும் இந்தியரைச் சமமான நண்பராகக் கொள்ளவில்லை என்றார். கைகுலுக்கலும் நாற்காலியும் விருந்தும் போதா, நட்பு வேண்டும் என்றார். சபையில் சலசலப்பு எழுந்தது. தம்மை அழைத்தவர்களின் முகத்துக்கு நேரே இதைச் சொல்வதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும்!

சென்னைப் பேராயர் ஒயிட்ஹெட் என்னும் ஆங்கிலேயர் அவருக்குத் துணை நின்றார். இந்தியர் ஒருவரின் கீழ் ஆங்கிலேயக் குருமார் பணிபுரிவதா என்று முணுமுணுத்தோர் பலர். இந்தியக் கிறிஸ்தவர்களிலும் சிலர் எதிர்த்தனர். எனினும் 1912 டிசம்பர் 29இல், கல்கத்தாப் பேராலயத்தில் அவர் பேராயராக அபிஷேகம் பெற்றார்.

அதன்பின் முப்பத்திரண்டு ஆண்டுகள் மாட்டு வண்டியும் கிராமமுமாகக் கழிந்தன. அவரிடம் வந்தோர் பெரும்பாலும் தீண்டாமையால் நசுக்கப்பட்ட மாலர், மாதிகர். அழுக்கு, நோய், கடன், மது ஆகிய நான்கையும் ஊரைப் பிடித்த பேய்கள் எனக் கண்டித்தார். ஏழைகள் உண்மையை உணர்ந்து மதம் மாறுவதில்லை என்ற காந்தியடிகளோடு அவருக்குக் கடும் கருத்து வேறுபாடு இருந்தது. மதம் மாறுவதைப் பற்றி நாம் எவ்வாறு எண்ணினும், ஏழைக்கும் தன் மனத்தைத் தானே தீர்மானிக்கும் அறிவுண்டு என்ற அவர் வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. அவரே கிறிஸ்தவருக்குத் தனித் தேர்தல் தொகுதி வேண்டாமென்றும் கூறினார். திருச்சபை ஓர் அரசியற் கட்சியாகிவிடும் என்று அஞ்சினார். தம் இனத்துக்கு வந்த சலுகையை வேண்டாமென்ற தலைவர் அரியர்.

1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய சபை ஐக்கிய முயற்சியில் இறுதிவரை முன்னின்றார். 1945 சனவரி 1இல் காலமானார். தோர்ணக்கல்லிலேயே அடக்கம் செய்யப்பட்டார். 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உதயமானபோது அதைக் காண அவர் இல்லை. ஆனால் அவருக்கு வழிகாட்டிய யாழ்ப்பாணம் அதன் பேராயங்களுள் ஒன்றாக இடம்பெற்றது.