48 இலக்க எண் யார் கையில் இருக்கிறது?

மடிக்கணினியைத் திறக்கிறீர்கள். வழக்கமாக வரும் கடவுச்சொல் பக்கம் வரவில்லை. நீலத் திரை, மேலே ‘பிட்லாக்கர் ரெக்கவரி’ என்ற தலைப்பு, கீழே 48 இலக்க எண்ணைக் கேட்கும் ஒரு கட்டம். நீங்கள் தினமும் அடிக்கும் கடவுச்சொல்லை அது ஏற்காது. பின் நம்பரையும் ஏற்காது. அப்படியொரு எண் தன் கணினிக்கு இருக்கிறது என்பதே பலருக்கு அன்றைக்குத்தான் தெரியவருகிறது.

2024 ஜூலையில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று பல கணினிகளை இந்தத் திரையில் கொண்டுபோய் நிறுத்தியது. அடுத்த மாதம்தான் மைக்ரோசாஃப்ட் அதைச் சரிசெய்தது. அதே ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான கோப்பால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியபோதும், பிட்லாக்கர் போட்டிருந்த பல கணினிகளை மீட்க இந்த எண்ணைத்தான் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து அடிக்க வேண்டியிருந்தது. ஆனால் வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் காரணம் நாமே. கணினி எழும்போது முதலில் இயங்கும் பயாஸின் அமைப்பில் ‘செக்யூர் பூட்’டை அணைத்திருப்போம், டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பில் உள்ளதை அழித்திருப்போம், அல்லது பயாஸை அப்டேட் செய்திருப்போம்.

ஹார்ட் டிஸ்க்கில் உள்ள அனைத்தையும் பிட்லாக்கர் குறியாக்கம் செய்து வைக்கிறது. அதைத் திறக்கும் சாவி, டிபிஎம் சிப்பின் பாதுகாப்பில் இருக்கிறது. கணினி எழும்போதெல்லாம் அமைப்புகள் பழையபடியே இருக்கின்றனவா என்று அந்தச் சிப்பை வைத்துச் சரிபார்க்கப்படும். மாறியிருந்தால் சாவி வெளியே வராது. திருடன் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் எதையும் படிக்க முடியாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் உரிமையாளருக்குப் புரியும்படி சொல்லாமலே இதை இயக்கிவிடுவது நல்ல ஏற்பாடு அல்ல. 2024 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் குறியாக்கம் தானாகவே தொடங்கிவிடுகிறது. ஹோம் பதிப்பும் இதற்கு விலக்கல்ல.

மாட்டிக்கொண்டால் முதலில் செய்ய வேண்டியது, கடைசியாக எதை மாற்றினோம் என்று யோசிப்பது. மாற்றியது ஒரு பயாஸ் அமைப்பு என்றால் அதைப் பழையபடி வைத்துக் கணினியை மீண்டும் இயக்குங்கள். பல சமயம் எண்ணே கேட்காமல் திறந்துவிடும். டிபிஎம் சிப்பில் உள்ளதை அழித்திருந்தால் மட்டும் இந்த வழி உதவாது.

அடுத்து, திரையில் தெரியும் ‘கீ ஐடி’யின் முதல் 8 எழுத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கைபேசியிலிருந்து உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, ‘டிவைசஸ்’ பகுதியில் பிட்லாக்கர் எண்களைத் தேடுங்கள். பல எண்கள் இருந்தால், எந்த எண்ணின் ஐடி அந்த 8 எழுத்துகளோடு ஒத்துப்போகிறதோ அதுதான் உங்களுக்கு உரியது. அலுவலகமோ கல்லூரியோ கொடுத்த கணினி என்றால் எண் அவர்களுடைய கணினிப் பிரிவிடம் இருக்கும். எங்காவது தாளில் எழுதி வைத்த எண் ஏற்கப்படவில்லையா? ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதிகள் இருக்கும். ஒவ்வொன்றும் 11-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். வகுபடாத தொகுதியில்தான் 1-ஐ 7 என்று எழுதியிருப்பீர்கள்.

நம் ஊரில் இதற்கும் மேலே ஒரு சிக்கல் இருக்கிறது. மடிக்கணினி வாங்கும்போது கடைக்காரரே எல்லாவற்றையும் ‘போட்டு’க் கொடுத்துவிடுவார். எந்த மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கினார் என்று நாம் கேட்பதில்லை. கடையின் பொதுக் கணக்காக இருக்கலாம், அப்போதைக்கு உருவாக்கி மறந்துபோன ஒன்றாகவும் இருக்கலாம். எண் போய்ச் சேர்வது அந்தக் கணக்குக்குத்தான். பணம் கொடுத்தவர் நீங்கள், சாவி இன்னொருவர் பெயரில். உங்கள் கணக்கில் எண் இல்லையென்றால், முதன்முதலில் அந்தக் கணினியை அமைத்தவரைத் தேடிப் பிடியுங்கள். பழைய கணினி வாங்கியவர்களுக்கும் இதே கதிதான்.

மதர்போர்டு மாற்றுவது இன்னும் ஆபத்து. டிபிஎம் அந்தப் பலகையோடு சேர்ந்தது. சர்வீஸ் சென்டர் பலகையை மாற்றிவிட்டு, பழையதைத் தானே வைத்துக்கொண்டால் சாவியும் அதோடு போய்விடும். ஒப்படைப்பதற்கு முன்பே எண்ணை எடுத்து வையுங்கள். கணினியே எழாத நிலை என்றால், எண் கையில் கிடைக்கும்வரை பழைய பலகையைக் கழித்துவிட வேண்டாம் என்று ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். ‘என் அனுமதியின்றி ஃபார்மட் செய்யக் கூடாது’ என்ற வரியும் அதில் இருக்கட்டும். ஃபார்மட் செய்த பிறகு எண் கிடைத்துப் பயனில்லை.

எண் எங்குமே இல்லையென்றால்? இழந்த எண்ணைத் தன்னாலும் திரும்ப உருவாக்கித் தர முடியாது என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகச் சொல்கிறது. கணினி பிழைக்கும், விண்டோஸைப் புதிதாக நிறுவிக்கொள்ளலாம். கோப்புகள் பிழைக்காது. புதிதாக நிறுவும் முன், ஒன்டிரைவில் ஏதாவது சேமிப்பாகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இந்தப் பதற்றத்தை வைத்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். தேடுபொறியில் ‘கஸ்டமர் கேர்’ என்று தேடினால் போலித் தொலைபேசி எண்களும் வரும். அழைத்தால் முன்பணம் கேட்பார்கள், வங்கி விவரம் கேட்பார்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைத் திரைகளில் தொலைபேசி எண் இருக்காது. ‘எண் இல்லாமலே உடைத்துத் தருகிறேன்’ என்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். கொடுத்து ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம்.

கடையோ சர்வீஸ் சென்டரோ செய்த தவறால் கோப்புகளை இழந்திருந்தால், சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கவனக்குறைவால் நுகர்வோருக்கு இழப்பு ஏற்படுத்துவதும், உரிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடு. முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுவும் பயன்படாவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. ரசீதும் ஜாப் ஷீட்டும் இல்லாமல் போனால் அங்கே பேச ஒன்றுமிருக்காது. ‘தரவுக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்று அச்சிட்ட தாளில் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால் உங்கள் வாதம் பலவீனமாகும்.

எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பணம் பறிப்பது வேறு வகை. உரிமையுள்ளவரை அவர் கணினிக்குள் நுழையவிடாமல் தடுப்பது 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவில் வருகிறது. மோசடி நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கணினி ஒழுங்காக இயங்கும் இந்த நேரத்திலேயே ‘மேனேஜ் பிட்லாக்கர்’ அல்லது ‘டிவைஸ் என்க்ரிப்ஷன்’ என்று தேடி, குறியாக்கம் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் அந்த எண்ணைத் தாளில் அச்சிட்டு, கணினிப் பையில் அல்லாமல் வேறு இடத்தில் வையுங்கள். பயாஸை அப்டேட் செய்யும் முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள். வீட்டில் பெரியவர்கள் கணினி வைத்திருந்தால், அவர்களுடையதையும் சேர்த்தே பார்த்துக் கொடுத்துவிடுங்கள்.